கொல்லாமையும் நம் கொல்லைப்புறமும்

விடியற்காலையில் நம் இல்லத்துப் பெண்மணிகள் வாசலைப் பெருக்கி, நீர் தெளித்து, அரிசி மாவினால் கோலமிடுகின்றனர். அது அழகுக்காக மட்டும் இடப்படுவதன்று. எறும்பும் சிறு பறவையும் உண்டு பசியாறட்டும் என்னும் அருள் நோக்கமும் அதனுள் அடங்கியுள்ளது. ஆயின் அதே வாசலின் மறு ஓரத்தில், சுவரை ஒட்டி, இன்னொரு வெள்ளைக் கோடும் பல இல்லங்களில் காணப்படுகிறது. அது எறும்புப் பொடி. ஒரு கையால் உணவிட்டு மறு கையால் நஞ்சிடுகிறோம். உண்ண வந்த எறும்பு இரண்டையும் பிரித்தறியுமா என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இரவில் உண்ணாமை, நீரை வடிகட்டிப் பருகுதல், கிழங்கு வகைகளை விலக்குதல் ஆகியவற்றில் நாம் காட்டும் கவனம் சமையலறையின் பின்கதவோடு நின்றுவிடுகிறது. அக்கதவுக்கு அப்பால் உள்ள கொல்லைப்புறத்தில், வாழை அடியிலும் செம்பருத்திச் செடியிலும் புல்தரையிலும் நாம் என்ன செய்கிறோம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இல்லறத்தார்க்குரிய எல்லை

மண்ணைத் தொடாமல் வாழ்வதே அஹிம்சை என்று நம் ஆகமங்கள் இல்லறத்தார்க்குக் கூறவில்லை. முதல் தீர்த்தங்கரராகிய விருஷப தேவர் மக்களுக்குக் கற்பித்த வாள், எழுத்து, உழவு, கல்வி, வாணிகம், சிற்பம் என்னும் ஆறு தொழில்களுள் உழவும் ஒன்று. தமிழ்ச் சமணராகிய நாமும் வழிவழியாக உழவையே பெரிதும் சார்ந்து வாழ்ந்தவர்கள். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களிலிருந்து நகரங்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களும், கையகல நிலம் கிடைத்தால் நான்கு செடிகளை நட்டு மகிழ்கின்றன.

ஹிம்சையை நான்காகப் பகுத்துச் சொல்வது மரபு. கொல்ல வேண்டும் என்னும் எண்ணத்தோடு செய்வது சங்கல்ப ஹிம்சை. சமைத்தல், பெருக்குதல் முதலிய இல்லப் பணிகளில் தவிர்க்க இயலாது நிகழ்வது ஆரம்ப ஹிம்சை. தொழிலில் நிகழ்வது உத்யோக ஹிம்சை. தற்காப்பில் நிகழ்வது விரோத ஹிம்சை. இவற்றுள் முதலாவதை இல்லறத்தார் முற்றும் விலக்க வேண்டும். ஏனைய மூன்றையும் இயன்றவரை குறைக்க வேண்டும். செடிக்குக் குழி தோண்டுகையில் ஒரு புழு மடிவது ஆரம்ப ஹிம்சை. ‘பூச்சிகள் ஒழியட்டும்’ என்று கருதி நஞ்சு தெளிப்பதோ, நாம் எப்பெயரிட்டு அழைத்தாலும், சங்கல்பத்தைத் தொட்டு நிற்பதாகும்.

சமந்தபத்திர ஆசாரியர் அருளிய ரத்னகரண்டக சிராவகாசாரம், குணவிரதங்களை விளக்குமிடத்து ‘அனர்த்த தண்டம்’ என்னும் பயனில் தீமையை ஐந்து வகையாகக் கூறுகிறது. அந்நூலின் வழிவந்த அருங்கலச்செப்பைத் தமிழில் பயின்ற நம்மவர்க்கு இது புதிதன்று. அவ்வைந்தனுள் இரண்டு நம் தோட்டத்திற்கு நேரே பொருந்துவன. ஒன்று பிரமாதசரியை, அதாவது பயனின்றி மண்ணைக் கிளறுதல், நீரை வீணே கொட்டுதல், நெருப்பு மூட்டுதல், செடிகொடிகளை வெட்டுதல் போன்றவை. மற்றொன்று ஹிம்சாதானம், அதாவது ஆயுதம், நெருப்பு, நஞ்சு முதலிய கொலைக் கருவிகளைப் பிறர்க்கு வழங்குதல். வீட்டில் மீந்த பூச்சி மருந்தை அண்டை வீட்டார்க்கு உதவியாகக் கொடுப்பதும் இதன்பாற்படும். மேலும், செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றினாலும் வினை வந்து சேரும் என்பதை நாம் அறிவோம். தோட்டக்காரர் தெளித்தார், நாம் தொடவில்லை என்பது விடையாகாது.

ஒரு பிடி மண்ணில் வாழ்வோர்

மண், நீர், நெருப்பு, காற்று, தாவரம் ஆகியவற்றை உடலாகக் கொண்டவை ஓரறிவுயிர்கள். மண்புழுவும் நத்தையும் ஈரறிவுயிர்கள். எறும்பும் கறையானும் மூவறிவுயிர்கள். தேனீயும் பட்டாம்பூச்சியும் நாலறிவுயிர்கள். தவளை, ஓணான், அணில், மைனா ஆகியவை ஐயறிவுயிர்கள். உயிர்களை அறிவின் வகையால் அடுக்கும் இம்முறை தொல்காப்பிய மரபியலிலும் காணப்படுகிறது. நம் கொல்லைப்புறம் இவ்வனைத்தும் ஒருங்கே உறையும் சிற்றூர் ஆகும்.

இவ்வுயிர்கள் வெறுமனே தங்கியிருப்பவை அல்ல. மண்புழு மண்ணைத் துளைத்துக் காற்றும் நீரும் உட்புக வழி செய்கிறது. கறையான் பட்ட மரத்தையும் சருகையும் மண்ணாக்குகிறது. தேனீ பூவைக் காயாக்குகிறது. பொறிவண்டு செடிகளின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சிகளை உண்டு அவற்றின் பெருக்கத்தை அடக்குகிறது. உயிர்கள் ஒன்றுக்கொன்று துணையாவன எனத் தத்வார்த்த சூத்திரம் கற்பிப்பதற்கு இதனினும் அண்மையான சான்று வேறில்லை. நஞ்சு தெளிக்கும்போது அசுவினியோடு பொறிவண்டும் மடிகிறது. அசுவினி விரைவில் மீண்டும் பெருகிவிடும். பொறிவண்டு மெல்லவே திரும்பும். ஆகவே அடுத்த முறை பூச்சி மிகுகிறது, தெளிப்பும் மிகுகிறது. ஒருமுறை தொடங்கிய தெளிப்பு ஓயாமல் தொடர்வதன் காரணம் இதுவே.

நஞ்சு கடந்து வந்த வழி

டி.டி.டி. என்னும் பொருளுக்குப் பூச்சிகளைக் கொல்லும் ஆற்றல் உண்டென 1939-இல் கண்டறிந்த பால் முல்லர், அதற்காக 1948-இல் நோபல் பரிசு பெற்றார். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1962-இல், ராச்சேல் கார்சன் என்னும் அமெரிக்க அம்மையார் ‘மௌன வசந்தம்’ என்னும் நூலை எழுதி, அந்நஞ்சு பறவைகளின் உடலில் சேர்ந்து அவற்றை அழிப்பதை உலகறியச் செய்தார். நம் நாட்டில் உழவுப் பணிக்கு டி.டி.டி. பயன்படுத்துவது 1989-இல் தடை செய்யப்பட்டது. ஒரு காலத்தில் வீடுகளில் வெள்ளைப் பொடியாகத் தூவப்பட்ட பி.எச்.சி. 1997-இல் விலக்கப்பட்டது.

1984 டிசம்பர் 2-ஆம் நாள் இரவு போபாலில் ஆயிரக்கணக்கான உயிர்களைப் பலிகொண்ட நச்சுவாயு, ஒரு பூச்சிக்கொல்லியைத் தயாரிப்பதற்காகவே சேமித்து வைக்கப்பட்டிருந்தது. கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் முந்திரித் தோப்புகளின் மேல் ஆண்டுக்கணக்கில் வானிலிருந்து தூவப்பட்ட எண்டோசல்பான், அங்குள்ள சிற்றூர் மக்களைப் பெருந்துன்பத்திற்கு உள்ளாக்கிய பின்னர், 2011-இல் உச்ச நீதிமன்றத்தால் நாடு முழுவதும் தடுக்கப்பட்டது. ஒரு நஞ்சு நம் கொல்லைக்கு வருமுன்னரே வேறெங்கோ ஹிம்சையைத் தொடங்கிவிடுகிறது என்பதும், இன்று ‘பாதுகாப்பானது’ என்று விற்கப்படுவது நாளை விலக்கப்படலாம் என்பதும் இவ்வரலாறு தரும் பாடங்கள்.

வாங்குவோர் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகளின்படி, ஒவ்வொரு பூச்சி மருந்துக் கலத்தின் மேலும் சாய்சதுரக் குறி ஒன்று இருத்தல் வேண்டும். அதன் ஒரு பாதியில் உள்ள நிறம் நஞ்சின் கடுமையைக் காட்டும். சிவப்பு மிகக் கொடியது, மஞ்சள் அதற்கடுத்தது, நீலம் நடுத்தரமானது, பச்சை இவற்றினும் குறைந்தது. பச்சைக் குறியைக் கண்டு, ‘இது பசுமையானது, தீங்கற்றது’ என்று மயங்குவோர் உளர். பச்சையும் நஞ்சின் ஒரு படியே.

எம் இல்லத்தில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி

பிறரைக் குறை கூறுமுன் எம் குறையையும் சொல்லிவிடுதல் முறை. சில ஆண்டுகளுக்கு முன் எம் கொல்லையில் வாழைக் கன்றுகள் வாடின. கடைக்காரர் ஒரு குருணை மருந்தைத் தந்து, அடியில் தூவி நீர் பாய்ச்சச் சொன்னார். அவ்வாறே செய்தோம். நீரால் நனைந்த மண்ணிலிருந்து புழுக்கள் மேலே வந்து நெளிந்தன. அவற்றை உண்ண மைனாக்கள் வந்தன. மறுநாட்காலை மூன்று மைனாக்கள் வாழையடியில் இறந்து கிடந்தன. அன்று சதுர்த்தசி. இல்லத்தில் அனைவரும் நோன்பு. பூசைக்குப் பூக்கொய்யச் சென்ற எம் வீட்டுச் சிறுமியே முதலில் அவற்றைக் கண்டு, “நாம் கொன்றோமா?” என்று கேட்டாள். பிரதிக்கிரமணம் செய்தோம், எனினும் அக்கேள்விக்கு இல்லை என்று சொல்ல இயலவில்லை. அன்றிலிருந்தே இப்பொருளை ஆராயத் தொடங்கினோம்.

இயற்கை யாவும் அஹிம்சை ஆகா

இரசாயனத்தை விட்டு இயற்கை முறைக்கு மாறினால் போதும் என்றே முதலில் கருதினோம். ஆராய்ந்தபோது, அதிலும் விழிப்பு வேண்டும் என்று புலனாயிற்று. பூந்தொட்டி மண்ணில் நர்சரிகள் கலந்து தரும் எலும்புத் தூள் எங்கிருந்து வருகிறது என்று கூற வேண்டியதில்லை. இயற்கை வேளாண்மையில் பெரிதும் பரிந்துரைக்கப்படும் மீன் அமிலமும் முட்டை இரசமும் நம் இல்லத்திற்கு ஒவ்வாதன. மஞ்சள் ஒட்டுப்பொறியில் சிக்கிய பூச்சி மணிக்கணக்கில் துடித்து மடிகிறது. நத்தையின் மேல் உப்பிடுவதும், புற்றில் கொதிநீர் ஊற்றுவதும் இரசாயனம் அல்ல, ஆயினும் கொலையே.

ஆகவே, ‘இது இயற்கையா, செயற்கையா?’ என்பது நம் முதல் வினாவாக இருத்தல் கூடாது. ‘இதனால் எவ்வுயிர் வருந்தும்? அவ்வருத்தம் இன்றி இக்காரியம் கைகூடுமா?’ என்பதே வினாவாக வேண்டும். வடிகட்டிய துணியில் தங்கிய நுண்ணுயிர்களை அந்நீர் எடுத்த கிணற்றிலேயே திருப்பி விடும் வழக்கம் நமக்குண்டு. வடிகட்டுதல் நம் நலத்திற்கு. திருப்பி விடுதல் அவற்றின் நலத்திற்கு. இவ்விரண்டும் சேர்ந்ததே யத்தனாசாரம் என்னும் விழிப்புடைய ஒழுக்கம். இதனையே தோட்டத்திற்கும் அளவுகோலாகக் கொள்வோம்.

செய்ய வேண்டுவன

மண்: செடிக்கு நோய் வருமுன்னர் மண்ணைப் பேண வேண்டும். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து உள்ளது. அதனை அள்ளியிடும்போது தளிர்கள் மென்மையாகப் பெருத்து, சாறுறிஞ்சும் பூச்சிகளைத் தாமே அழைக்கின்றன. எஞ்சியது மழைநீரோடு இறங்கி, கிணற்றில் நைட்ரேட்டாகச் சேர்கிறது. குடிநீரில் அது லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். மிகுந்தால் பச்சிளங் குழந்தைகட்குத் தீங்காம். யூரியாவுக்கு மாற்றாக மட்கிய சாணமும், வேப்பம் புண்ணாக்கும், கடலைப் புண்ணாக்கும் மெல்ல மெல்லச் சத்தளிக்கும். எலும்புத் தூள் தரும் மணிச்சத்தைப் பாறை பாஸ்பேட்டும் தொழுவுரமும் தரும். சாம்பல் சத்து விறகடுப்புச் சாம்பலில் சிறிது கிடைக்கும்.

சருகு: உதிர்ந்த இலைகளைக் குவித்துத் தீயிடுதல் பெருந்தவறு. சருகுக் குவியல் எண்ணற்ற சிற்றுயிர்களின் வீடு. அதனைச் செடியடியில் நான்கு விரற்கடை கனத்திற்குப் பரப்பினால் மூடாக்காகும். ஈரம் காக்கும், களை முளைக்காது, தானே மட்கி உரமாகும். தண்டை ஒட்டிக் குவிக்காமல் சற்று இடைவெளி விடுதல் நன்று. மண்புழு உரத்திற்கென விலைகொடுத்துப் புழுக்களை வாங்கித் தொட்டியில் அடைப்பதைக் காட்டிலும், மூடாக்கிட்டு அவை தாமே வந்து தங்க இடமளித்தல் நமக்குப் பொருந்திய வழி.

புல்தரை: வெட்டி ஒழுங்கு செய்த பச்சைப் புல்தரை, மழையும் குளிரும் மிக்க மேலைநாடுகளிலிருந்து வந்த வழக்கம். நம் வெயிலில் அதற்கு நாள்தோறும் நீர், அடிக்கடி உரம், ஓயாத வெட்டு ஆகியவை வேண்டும். புதிதாக அமைப்போர் பொடுதலையைப் பரப்பலாம். அது தரையோடு படர்ந்து, சிறு பூக்களால் தேனீக்களையும் பட்டாம்பூச்சிகளையும் ஊட்டுவது. நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் வல்லாரை படரும். முன்னமே புல்தரை உள்ளோர் அதனை ஒட்டக் கத்தரிக்காமல் மூன்று அங்குலம் வளரவிட்டு, ஒருமுறையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் வெட்டாதிருத்தல் வேண்டும். உயர்ந்த புல் வேரை ஆழச் செலுத்தும். களைக்கு நிழலிட்டு அதனை அடக்கும். வெட்டிய துணுக்குகளை அங்கேயே விட்டால் உரமாகும். வெட்டுமுன் ஒருவர் நடந்து பார்த்து, தவளை, முட்டை, கூடு உண்டா என அறிந்து விலக்க வேண்டும். நடக்கையில் நோக்கி நடக்கும் ஈர்யா சமிதியைத் துறவியர் நோற்பதன் ஒரு சிறு துளி இது.

நீர்: நாள்தோறும் சிறிது தெளிப்பதினும், மண்ணின் ஈரம் பார்த்துச் சில நாட்களுக்கொருமுறை ஆழ நனைத்தல் மேல். காலையில் ஊற்றினால் வீணாவது குறைவு. இலைகளும் இரவு முழுதும் ஈரமாக இரா.

களை: மழை பெய்த மறுநாள் களை எளிதில் வரும். கையாலோ களைக்கொட்டினாலோ எடுத்துவிடலாம். கீழாநெல்லி, மூக்கிரட்டை, குப்பைமேனி ஆகியவை களையல்ல, மருந்து. பார்த்தீனியத்தை மட்டும் பூக்குமுன் கையுறை அணிந்து அகற்றுக. களைக்கொல்லி வேண்டா. பெரிதும் விற்கப்படும் கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியை மனிதர்க்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்னும் வகையில் 2015-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்தது. களைக்கு அஞ்சி முற்றம் முழுவதையும் சிமெண்டினால் மூடுவோரும் உளர். அதனால் மழைநீர் நிலத்துள் இறங்காது, வீடும் வெப்பமேறும், மண்ணுயிர் அனைத்தும் மூச்சடைந்து மாயும்.

பூச்சி: செம்பருத்தியில் எறும்பு ஏறினால் எறும்பைச் சினவாதீர். அசுவினியும் மாவுப்பூச்சியும் சுரக்கும் இனிய நீரை நாடியே அது வருகிறது. பூச்சி படிந்த நுனியைக் கிள்ளி, தொலைவிலுள்ள புதரில் இடலாம். கம்பளிப்பூச்சியை இலையோடு எடுத்து அவ்வாறே அப்புறப்படுத்தலாம். காய்களுக்கு மெல்லிய துணிப்பை கட்டலாம். இவற்றால் ஆகாதபோது சிலர் வேப்பங்கொட்டைக் கரைசலை நாடுவர். 50 கிராம் பருப்பை இடித்து ஒரு லிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைத்து வடிகட்டுவது அது. அதுவும் தீங்கற்றதன்று, பூச்சியை உண்ணாமல் விலக்குவதோடு அதன் வளர்ச்சியையும் கெடுக்கும். ஆதலின் வேறு வழியின்றி, தாக்குற்ற கிளையில் மட்டும், தேனீக்கள் சென்றபின் மாலையில் பயன்படுத்துதல் வேண்டும். அதனையும் ஹிம்சை என்று உணர்ந்தே செய்ய வேண்டும்.

கொசுவும் கறையானும்: இங்கு நம் அறம் பிறவித் தடுப்பே. கொசு முட்டையிலிருந்து வெளிவந்து பறப்பதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் ஆகும். தேங்காய்ச் சிரட்டை, பூந்தொட்டித் தட்டு, உடைந்த வாளி ஆகியவற்றில் நீர் தேங்க விடாமல், தொட்டிகளை மூடி வைத்தால், கொல்ல வேண்டிய நிலையே எழாது. பறவைகட்கு வைக்கும் நீரையும் நாள்தோறும் மாற்றுக. சுவரையொட்டி விறகும் அட்டையும் அடுக்காமலும், ஈரக்கசிவை உடனே சரிசெய்தும் வந்தால், கறையான் வீட்டை நாடுவது குறையும். சிந்திய இனிப்பைத் துடைத்து, நுழையும் பிளவைப் பூசினால், எறும்பும் தன் வழியே செல்லும்.

இழப்பைப் பொறுத்தல்

இத்தனையும் செய்த பின்னும் பத்துக் கொய்யாவில் இரண்டை அணில் கடிக்கும். சில இலைகளில் ஓட்டை விழும். அதனை என் செய்வது என்று கேட்பீர்கள். அதனைப் பொறுத்தலே விடை. பிழைப்புக்காகப் பயிரிடும் நம் உழவுச் சகோதரர்களுக்கு இது எளிய விடையன்று என்பதை அறிவோம். கடன் வாங்கி நட்ட நெல்லில் புகையான் விழும்போது அவர்படும் வேதனையை, நகரத்துத் தோட்டத்தில் நின்றுகொண்டு அளந்து தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமையில்லை. அது உத்யோக ஹிம்சையின் பாற்பட்ட தனிப் பொருள். ஆனால் அழகுக்கும் மகிழ்வுக்கும் வளர்க்கும் முற்றத்துச் செடிக்காகக் கொல்லுதற்கு அத்தகைய காரணமேனும் உண்டா? ஓட்டை விழுந்த இலையால் நம் உணவு குறைவதில்லை. பரிக்கிரகத்திற்கு அளவு வகுத்துக்கொள்ளும் நாம், தோட்டத்தின் அழகு மீதுள்ள ஆசைக்கும் ஓர் அளவு வகுப்பது தகும்.

ஜினாலயத் திருச்சுற்றிலும் இதே நெறி நிற்க வேண்டும். விழாவுக்கு முன் களைக்கொல்லி அடித்துச் சுற்றைத் ‘துப்புரவு’ செய்வதினும், இளைஞர்கள் ஒரு நாள் கூடிக் கையால் களையெடுப்பது அறப்பணியும் ஆகும், அவ்விடத்திற்கு ஏற்றதும் ஆகும். அங்கே அசோக மரம் நடுவோர் ஒன்றை நினைவிற் கொள்க. அருகப் பெருமான் எழுந்தருளிய பிண்டி, செந்நிறக் கொத்துப் பூக்களையுடைய அசோகமே. ஊசிபோல் உயர்ந்து நிற்கும் நெட்டிலிங்கத்தைப் பலர் அதுவென்று மயங்குகின்றனர்.

மேற்கொள்ளத் தக்க நியமங்கள்

அட்டமி, சதுர்த்தசி நாட்களில் தோட்டத்தில் வெட்டுதலும் தோண்டுதலும் செய்யோம். சிற்றுயிர்கள் மிக்குத் தோன்றும் மழைக்காலமாகிய சாதுர்மாசத்தில், துறவியர் ஓரிடத்தில் தங்குவதை நினைந்து, மண்ணைக் கிளறும் பணிகளைக் குறைத்துக்கொள்வோம். நஞ்சை விலைகொடுத்து வாங்கோம், பிறர்க்கும் வழங்கோம். வீட்டில் மீந்திருப்பதைச் சாக்கடையிலோ கிணற்றருகிலோ கொட்டாமல், எரிக்காமல், குழந்தைகட்கு எட்டாதவாறு பூட்டி வைத்து, அதனை அகற்றும் முறையை அண்மையிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டறிவோம்.

இல்லத்தார் கூடி ஆராய்வதற்குச் சில வினாக்கள்

1. நம் வீட்டிலுள்ள பொடி, தெளிப்பு, குருணை எவை? அவற்றின் மேல் உள்ள குறி என்ன நிறம்?

2. நம் தோட்டத்தில் ஈரறிவு முதல் ஐயறிவு வரை எவ்வெவ்வுயிர்கள் வாழ்கின்றன? சிறுவர்கள் ஒரு வாரம் உற்றுநோக்கிப் பட்டியலிடுக.

3. நாம் செய்வது, பிறரைக் கொண்டு செய்விப்பது, கண்டும் உடன்படுவது என்னும் மூன்றனுள் தோட்டத்தில் நம்மிடம் மிகுந்துள்ளது எது?

4. நாம் பொறுத்துக்கொள்ளத் தக்க இழப்பு எவ்வளவு?

எம் கொல்லையில் வாழைகள் சில பட்டுப்போயின, சில தழைத்தன. ஈராண்டுகளுக்குப் பின் மைனாக்கள் மீண்டும் அவ்வடியில் மேய்கின்றன. ஒரு காலை, எறும்புப் பொடிக் கோடு இருந்த இடத்தைக் கழுவிவிட்டு, அச்சிறுமி அங்கேயும் அரிசி மாவால் ஒரு சிறு கோலம் இட்டாள். நம் இல்லங்கள் அனைத்தின் வாசலிலும் அவ்வொரு வெண்மையே நிலைப்பதாக.

வாழ்க அஹிம்சை! வளர்க ஜினதருமம்!